தயாரிக்கப்படும் தட்டுப்பாடு

2025 ஆகஸ்ட் 23 அன்று மகிந்திரா நிறுவனம் ஒரு காருக்கான முன்பதிவைத் திறந்தது. 135 விநாடிகளில் 999 கார்களும் தீர்ந்துவிட்டன என்று அறிவித்து முடித்தும் கொண்டது. பிஇ 6 என்னும் மின்சாரக் காரின் ‘பேட்மேன் எடிஷன்’ அது. விலை 27 லட்சத்து 79 ஆயிரம் ரூபாய். ஒன்பது நாட்களுக்கு முன், விடுதலை நாளின் முந்தைய நாளில், இதே நிறுவனம் இந்தக் காரை 300 மட்டுமே செய்யப்போவதாகச் சொல்லியிருந்தது. பிறகு வரவேற்பு பெருகிவிட்டது என்று கூறி எண்ணிக்கையை 999 ஆக உயர்த்தியது. 135 விநாடிகள் என்பது நாடெங்கும் செய்தியாயிற்று. 300 எவ்வாறு 999 ஆயிற்று என்பதுதான் உண்மையில் செய்தியாகியிருக்க வேண்டும்.

வரம்பு என்பது தமிழில் வயலின் வரப்பைக் குறிக்கும் சொல். நிலத்தின் மேடுபள்ளமும் நீரின் அளவும் கூடித் தீர்மானிப்பது அது. உழவர் எவரும் ஒரே வாரத்தில் தம் வரப்பை மூன்று மடங்கு தள்ளி வைத்துவிட முடியாது. வைத்தால் பக்கத்து வயல்காரர் சும்மா இருக்கமாட்டார். கார் நிறுவனத்தின் வரம்புக்கு இத்தகைய தொல்லைகள் இல்லை. எஃகு பற்றாமல் போனதாலோ, மின்கலம் கிடைக்காததாலோ, ஆலையில் ஆள் இல்லாததாலோ 300 என்ற எண் பிறக்கவில்லை. விளம்பரத் துறையின் மேசையில் பிறந்தது. அதே மேசையில் 999 ஆக வளர்ந்தது.

பிஇ 6 காரின் உச்ச வகையான ‘பேக் த்ரீ’யின் விலை 26 லட்சத்து 90 ஆயிரம். பேட்மேன் எடிஷனுக்கு 89 ஆயிரம் ரூபாய் கூடுதல். மின்கலம் அதே 79 கிலோவாட் மணி மின்கலம்தான், மோட்டாரும் அதேதான். கூடுதல் பணத்துக்குக் கிடைப்பவை கறுப்பு வண்ணம், கதவில் ஒரு வௌவால் படம், ஆங்காங்கே பொன்னிறப் பூச்சு, உள்ளே வரிசை எண் பொறித்த தகடு. வௌவால் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் உடைமை என்பதால் அதற்கு உரிமமும் வாங்க வேண்டும். 89 ஆயிரத்தை 999ஆல் பெருக்கினால் 9 கோடி ரூபாய்கூட வரவில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் காணும் நிறுவனத்துக்கு இது சில்லறைக் காசு. எனவே இலாபம் வௌவாலில் இல்லை. காரைப் பெற்ற 999 பேரைவிட அதைப் பெறாமல் போனவர்களே நிறுவனத்துக்கு முக்கியமானவர்கள். ‘எல்லோரும் முண்டியடிக்கும் கார்’ என்ற எண்ணத்தோடு அவர்கள் காட்சிக்கூடத்துக்கு வருவார்கள். அங்கே வௌவால் இல்லாத கார் வேண்டிய அளவுக்குக் காத்திருக்கும்.

தீர்ந்துபோன நேரத்தை அறிவிப்பது இன்று ஒரு தனிக் கலையாகிவிட்டது. ராயல் என்ஃபீல்டு 2015இல் 200 மோட்டார் சைக்கிள்களை 26 நிமிடங்களில் விற்றது. 2018 ஜூலையில் 250 ‘பெகாசஸ்’ வண்டிகள் 178 விநாடிகளில் தீர்ந்தன. 2021 டிசம்பரில் தன் 120ஆம் ஆண்டு நிறைவுக்காக அது இந்தியாவுக்கென ஒதுக்கிய 120 வண்டிகள் 120 விநாடிகளுக்குள் தீர்ந்தனவாம். (எண்கள் எவ்வளவு அழகாகப் பொருந்தி வருகின்றன!) மகிந்திராவின் எக்ஸ்யூவி 700 காருக்கு 2021 அக்டோபரில் 57 நிமிடங்களில் 25,000 பதிவுகள். 2022 ஜூலையில் ஸ்கார்ப்பியோ-என் காருக்கு முதல் ஒரு நிமிடத்திலேயே 25,000; அரை மணி நேரத்தில் ஒரு லட்சம்.

இந்தக் கடைசி இரண்டிலும் வரம்பு வேறு உருவம் கொண்டது. கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை, விலைக்கு வரம்பு. முதல் 25,000 பேருக்கு மட்டுமே ‘அறிமுக விலை’ என்றது நிறுவனம். 25,001ஆவது ஆள் கூடுதலாகத் தர வேண்டும். ஆற அமர யோசித்து, கடன் தவணையைக் கணக்கிட்டு, வீட்டில் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டிய ஒரு பெருஞ்செலவை விரல் நுனியின் வேகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும் ஏற்பாடு இது. ஸ்கார்ப்பியோவுக்குப் பதிவுத் தொகை 21 ஆயிரம் ரூபாய். ஒரு லட்சம் பேர் செலுத்தினால் 210 கோடி. திருப்பித் தரக்கூடிய தொகைதான் என்றாலும், திருப்பிக் கேட்கும் வரை அது வட்டியில்லாப் பணம். பதிவானவற்றின் மதிப்பு 18 ஆயிரம் கோடி ரூபாய் என்று அன்றே அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் 20 ஆயிரம் கார்களை ஒப்படைப்பது என்பதே நிறுவனத்தின் திட்டமாக இருந்தது. பதிவு வேறு, விற்பனை வேறு. ஆனால் செய்தியில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பங்குச் சந்தைக்கும் அந்தக் குழப்பத்தால் நட்டமில்லை.

பெகாசஸ் கதையின் பின்பகுதி சுவையானது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்குடைப் படையினருக்காகச் செய்யப்பட்ட சிறு மோட்டார் சைக்கிளின் நினைவாக வெளிவந்தது அந்த எடிஷன். உலகுக்கு 1,000, அதில் இந்தியாவுக்கு 250. தொட்டியின்மேல் வரிசை எண், பட்டாளத்துப் பாணியில் துணிப்பைகள், சுமார் இரண்டரை லட்சம் ரூபாய் விலை. சென்னைத் தொழிலாளியின் கையால் உருவான வண்டியில், அவருடைய பாட்டனை ஆண்ட பேரரசின் படைப்பெருமையை ஒட்டி விற்பதில் உள்ள முரண்பாடு யாரையும் உறுத்தவில்லை. வாங்கியவர்களை உறுத்தியது வேறொன்று. அடுத்த மாதமே அந்நிறுவனம் தன் கிளாசிக் 350 வரிசையில் ஏபிஎஸ் தடுப்பு வசதியுள்ள புதிய வண்டியை வெளியிட்டது. அதைவிட விலை கூடிய பெகாசஸில் அந்த வசதி இல்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பதே ஏபிஎஸ், உயிர் தொடர்பானது. 178 விநாடிப் பெருமையில் இடம் பிடித்தவர்களுள் சிலர் சினந்து, தங்கள் வண்டியைக் குப்பைமேட்டில் போட்டுப் படம் எடுத்து வெளியிட்டார்கள். தொட்டியின்மேல் வரிசை எண் இருந்தது. சக்கரத்துக்குக் காப்பு இல்லை.

‘எடிஷன்’ என்ற சொல்லே நூல் அச்சிலிருந்தும் ஓவிய அச்சிலிருந்தும் வாகனத் தொழிலுக்கு வந்தது. செப்புத் தகட்டில் செதுக்கிய ஓவியத்தை அச்செடுக்கும்போது தகடு தேயும். முதலில் எடுத்த படிகளில் கோடுகள் கூர்மையாக இருக்கும். போகப் போக மங்கும். ஆகவே முதற்படிகளுக்கு மதிப்பு. அந்த வரம்பைப் பொருளே விதித்தது. கார் ஆலையின் அச்சு 300ஆவது காரோடு தேய்வதில்லை. ஓவியத்துக்கு இயல்பாய் அமைந்த அருமையைக் கார் கடன் வாங்கிக்கொள்கிறது. (300 படிகள் அச்சிடும் தமிழ்ப் பதிப்பாளர் அதை லிமிடெட் எடிஷன் என்று சொல்லிக்கொள்வதில்லை. மூட்டைகளை எங்கே அடுக்குவது என்று கவலைப்படுகிறார்.)

தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய ஏளனத்தை நினைவுபடுத்தியாக வேண்டும். 1991க்குப் பின் புதிய பொருளாதாரக் கொள்கையைப் போற்றியவர்கள் அனைவரிடமும் தவறாமல் இருந்த எடுத்துக்காட்டு பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மகன் பிறந்தபோது பதிவு செய்தால் அவன் பள்ளிக்குப் போகும்போது வண்டி வரும். இதுதான் திட்டமிட்ட பொருளாதாரத்தின் இலட்சணம் என்று சிரித்தார்கள். வரிசையில் நிற்பது சோசலிசத்தின் அவமானம், வரிசையை ஒழிப்பது சந்தையின் சாதனை என்றார்கள். அந்தக் காத்திருப்பு மெய்யானது, மக்களுக்குத் தொல்லை தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. உரிமமுறைக் காலத்தில் அதனால் கொழுத்தவர்களும் தனியார் முதலாளிகள்தாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று உற்பத்தித் திறன் பெருகிக் கிடக்கும்போது அதே முதலாளித்துவம் வரிசையைத் திரும்பக் கொண்டுவந்து, அலங்கரித்து, விலைக்கு விற்கிறது. அன்று பொருள் இல்லாததால் வரிசை இருந்தது. இன்று வரிசை இல்லாவிட்டால் பொருள் நகராது.

கிடங்குகளில் நின்றவை

2024 அக்டோபர் 3, நவராத்திரியின் முதல் நாள். மகிந்திராவின் தார் ராக்ஸ் காருக்கு 60 நிமிடங்களில் 1,76,218 பதிவுகள் வந்ததாக அறிவிப்பு வெளியானது. இந்திய நடுத்தர வர்க்கத்தின் வாங்கும் திறன் பொங்கி வழிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று எழுதினார்கள்.

அதே நாட்களில் வாகன முகவர்களின் கூட்டமைப்பான ‘ஃபாடா’ செப்டம்பர் மாதக் கணக்கை வெளியிட்டது. பயணியர் வாகனங்களின் சில்லறை விற்பனை முந்தைய ஆண்டின் செப்டம்பரைவிட 18 விழுக்காட்டுக்கு மேல் சரிந்திருந்தது. முகவர்களிடம் தேங்கி நின்ற வாகனங்கள் 7 லட்சத்து 90 ஆயிரம். மதிப்பு 79 ஆயிரம் கோடி ரூபாய். 80 முதல் 85 நாள் விற்பனைக்குப் போதுமான இருப்பு. வெயிலிலும் மழையிலும் நிற்கும் அந்த வாகனங்களுக்கு முகவர் வங்கிக்கு வட்டி கட்டுகிறார். நிறுவனத்தின் கணக்கிலோ அவை விற்றவையாக ஏறிவிட்டன. ஏனெனில் ஆலையிலிருந்து முகவருக்கு அனுப்புவதையே நிறுவனங்கள் விற்பனை என்று எண்ணுகின்றன.

ஒரே வாரத்தில், ஒரே நாட்டில், ஒரே தொழிலில் கிடைக்காமல் தவிப்பதும் விற்காமல் தேங்குவதும் அருகருகே நிகழ்ந்தன. சரக்கு பணமாக மாறும் கணத்தை மரணப் பாய்ச்சல் என்றார் மார்க்ஸ். பாய்ந்து அக்கரை சேராவிட்டால் அடிபடுவது சரக்கல்ல, அதன் உடைமையாளர். உபரி மதிப்பு ஆலையில் உருவாகிறது. சந்தையில்தான் கைக்கு வருகிறது. உழைப்போரின் பங்கைக் குறைத்துக்கொண்டே போனால் ஆலையில் உருவாவது பெருகும், சந்தையில் கைக்கு வருவது சிக்கலாகும். இந்திய ஆலைத் தொழிலில் நிகர மதிப்புக் கூட்டலில் கூலியின் பங்கு 1980களின் தொடக்கத்தில் சுமார் 30 விழுக்காடாக இருந்தது. இப்போது ஏறத்தாழ அதில் பாதி.

விளைவை மாருதி சுசுகியின் தலைவர் ஆர்.சி. பார்கவாவே 2025 ஏப்ரலில் சொன்னார். ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய்க்கு மேலுள்ள குடும்பங்கள் நாட்டில் சுமார் 12 விழுக்காடு. பத்து லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள கார்களை அவர்களே வாங்க முடியும். மற்றவர்களுக்கு அது எட்டாது என்பது அவர் கூற்றின் சாரம். ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள கார்கள் 2015-16இல் சுமார் 10 லட்சம் விற்றன. 2024-25இல் 26 ஆயிரத்துக்கும் குறைவு. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நூற்றுக்கு எட்டைத் தாண்டவில்லை. மிதிவண்டி வைத்திருப்பவை ஐம்பது. மேல்தட்டுக்கு மட்டுமே விற்க முடியும் என்றான பிறகு, ஏற்கெனவே கார் உள்ளவரிடம் இன்னொரு காரை விற்றாக வேண்டும். காரின் பயன் ஒருவரை இரண்டாம் முறை இழுக்காது. வரிசை எண் இழுக்கும்.

இது இந்தியக் கண்டுபிடிப்பல்ல. 1908 முதல் 1927 வரை ஹென்றி ஃபோர்டு ஒரே மாதிரிக் காரை ஒன்றரைக் கோடி செய்து, விலையைத் தொடக்கத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தார். அமெரிக்காவில் வாங்கக்கூடியவர்களெல்லாம் வாங்கி முடித்ததும் அந்த வழி அடைபட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு வழி காட்டினார்: ஆண்டுதோறும் புதிய மாடல், வருமானத்துக்கேற்ற படிநிலை, நேற்றைய காரைக் கண்டு இன்று வெட்கம். பால் பாரனும் பால் ஸ்வீசியும் 1966இல் வெளிவந்த ‘ஏகபோக மூலதனம்’ நூலில் பொருளியலாளர் மூவரின் கணக்கொன்றை எடுத்துக்காட்டினார்கள். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் காரின் விலையில் கால் பங்குக்கும் மேல் இந்த மாடல் மாற்றங்களுக்கே போயிற்று என்பது அக்கணக்கு. பயணத்தை விரைவாக்காத, பாதுகாப்பைக் கூட்டாத செலவு அது. ஸ்லோனுக்கு ஓராண்டு தேவைப்பட்டது. இன்று இரண்டேகால் நிமிடம் போதுகிறது.

விநாடிகளின் மறுபக்கம்

178 விநாடி, 135 விநாடி என்று கொண்டாடப்படும் நேரத்துக்கு ஆலைக்குள் வேறு பொருள் உண்டு. மாருதியின் மானேசர் ஆலையில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்துக்கு ஒரு கார் வரிசையை விட்டு இறங்கும். அந்த விநாடிகளுக்குள் தொழிலாளி தன் வேலையை முடித்துக் கையை எடுக்க வேண்டும். தேநீர் இடைவேளை ஏழு நிமிடம். அதற்குள் தேநீர் குடித்து, கழிப்பறைக்கும் போய்த் திரும்ப வேண்டும். 2011இல் அங்கே எழுந்த போராட்டத்தின் மூலக் கோரிக்கை சங்கம் வைக்கும் உரிமை. 2012 ஜூலை 18 நிகழ்வுகளுக்குப் பின் 546 நிரந்தரத் தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். 148 பேர் சிறைக்குப் போனார்கள். 2017இல் 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 135 விநாடியில் அந்த வரிசையில் இரண்டு கார் இறங்கியிருக்கும்.

பெகாசஸ் தீர்ந்த 2018 ஜூலைக்கு இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் இறுதியில், ஒரகடத்திலுள்ள ராயல் என்ஃபீல்டு தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தை ஏற்க வேண்டும், வெளியேற்றியவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். அதே தொழிற்பேட்டை வட்டாரத்தில், சங்கம் அமைத்ததற்காக இருவரை வேலைநீக்கம் செய்த யமஹா ஆலையின் தொழிலாளர்கள் சிஐடியு தலைமையில் ஐம்பது நாட்களுக்கு மேல் நின்றார்கள். 178 விநாடிச் செய்தியைக் கேள்விப்படாத மோட்டார் சைக்கிள் ஆர்வலர் நாட்டில் இல்லை. அந்த ஐம்பது நாட்களைப் பற்றி அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பண்டத்துக்கு வரிசை எண் பொறிக்கும் மூலதனம் தொழிலாளியின் பெயரை அழித்துக்கொண்டே வருகிறது. அமைப்புசார் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரின் பங்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 20 விழுக்காடு, 2022-23இல் 40.7 விழுக்காடு. இதன் மேல் பயிற்சியாளர், தொழில் பழகுநர் என்று எத்தனையோ பெயர்கள். உதிரிப் பாகம் செய்யும் சிறு பட்டறைகளில் நிலைமை இன்னும் கொடியது. குருகிராம், ஃபரீதாபாத் வட்டாரங்களில் பவர் பிரஸ் எந்திரங்களில் விரல்களை இழக்கும் புலம்பெயர் தொழிலாளரைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அறிக்கைத் தொடரின் பெயர் ‘க்ரஷ்டு’, நசுக்கப்பட்டவர்கள். பேட்மேன் காரின் பொன்னிறப் பூச்சு எந்தப் பட்டறையில் ஏறியது என்று அந்தத் தகடு சொல்லாது.

2018 மார்ச்சில் எல்லாத் தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்ட ‘குறித்தகால வேலை’ முறை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் நிலைபெற்றுவிட்டது. ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு என்பதை அரசு பெரிய சலுகையாகக் காட்டுகிறது. ஆனால் குறித்த காலம் முடிந்ததும் ஆள் தானாகவே ‘தீர்ந்து’ போவார். வேலைநீக்கம் என்ற சொல்லுக்கே தேவை இராது. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. இந்த வரம்பு மட்டும் விளம்பர மேசையில் மாறுவதல்ல. 299 பேர் வேலை செய்யும் ஆலையில் அது வாழ்வுக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள கோடு.

தேக்கம் வரும்போது முதலில் வெளியேற்றப்படுபவர் யார் என்பதும் தெரிந்ததே. 2019 தேக்கத்தில் மூன்று மாதங்களுக்குள் முகவர் நிலையங்களில் இரண்டு லட்சம் பேர் வேலையிழந்ததாக ஃபாடா சொன்னது. வாகன ஆலைகளில் சுமார் 15 ஆயிரம் தற்காலிகத் தொழிலாளர் வெளியேற்றப்பட்டார்கள் என்று உற்பத்தியாளர் சங்கமே ஒப்புக்கொண்டது. நிதியமைச்சரோ, இளைய தலைமுறை ஓலாவிலும் ஊபரிலும் போவதையும் ஒரு காரணமாகச் சொன்னார். அந்த மாதமே கார்ப்பரேட் வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்பது அரசின் சொந்தக் கணக்கு. அந்தப் பணம் கூலியாகியிருந்தால் எத்தனை மோட்டார் சைக்கிள் விற்றிருக்கும் என்று எவரும் கணக்கிடவில்லை.

பேட்மேன் கார் பதிவான 2025 ஆகஸ்டு 23 அன்று நாட்டில் இருந்த வரி விகிதத்தையும் பார்த்துவிடலாம். 27 லட்சத்து 79 ஆயிரம் ரூபாய் காருக்கு, அது மின்சாரக் கார் என்பதால், ஜிஎஸ்டி 5 விழுக்காடு. கட்டட வேலைக்குப் போகிறவரின் 100 சிசி மோட்டார் சைக்கிளுக்கு 28 விழுக்காடு. ஒரு மாதம் கழித்து அது 18 ஆகக் குறைந்தது; மின்சாரக் காருக்கு 5 அப்படியே நிற்கிறது, விலை எத்தனை இலட்சமானாலும். பல மாநிலங்கள் சாலை வரியையும் விட்டுக்கொடுக்கின்றன. புகையில்லா வாகனத்துக்குச் சலுகை வேண்டும் என்பதில் இடதுசாரிகளுக்குக் கருத்து வேறுபாடில்லை. நகரப் பேருந்து மின்சாரத்தில் ஓடட்டும். ஆட்டோ ஓட்டுநருக்கு மானியம் கிடைக்கட்டும். வௌவாலுக்கு எதற்குச் சலுகை?

பணக்காரர் தங்களுக்குள் விளையாடும் விளையாட்டு இது, உழைப்பாளியின் கட்சிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் உண்டு. 2020இல் தார் காரின் முதல் வண்டி 1 கோடியே 11 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போயிற்று. காந்தி பிறந்தநாளில் விற்பனைக்கு வந்த காரின் தொடக்க விலையைப் போல் பதினொரு மடங்கு அது. ஏலத்தொகை கொரோனா நிவாரணத்துக்குப் போனது. நிறுவனமும் அதே அளவு தொகை சேர்த்தது. 2024இல் தார் ராக்ஸின் முதல் வண்டிக்கு 1 கோடியே 31 லட்சம். இவற்றோடு நின்றிருந்தால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் உற்பத்தி, நுகர்வோருக்குப் பொருளை மட்டும் படைப்பதில்லை, பொருளுக்கு ஏற்ற நுகர்வோரையும் படைக்கிறது என்று மார்க்ஸ் 1857இல் எழுதினார். ஒப்பந்தத் தொழிலாளியின் மகன் ராயல் என்ஃபீல்டுக்காக ஆறு ஆண்டுத் தவணையில் கடன் வாங்குகிறான். அவனைப் பார்த்து ஆடம்பரம் என்று முகம் சுளிப்பது கட்சி ஊழியர்களுக்கு அழகல்ல. நல்ல வண்டியை விரும்புவது குற்றமன்று. அவனுக்கு நேரத்துக்குப் பேருந்து இல்லை, நிரந்தர வேலை இல்லை, ஊரில் மதிப்பு இல்லை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக வண்டி விற்கப்படுகிறது.

அதைவிட நேரடியான ஒரு காரணமும் இருக்கிறது. ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் நிர்வாகம் கொண்டுவரும் தாளில் எப்போதும் தேக்கம்தான் இருக்கும்: சந்தை மந்தம், இருப்பு அதிகம், போட்டி கடுமை, இந்த மூன்றாண்டுக்கு இதற்குமேல் தர இயலாது. அதே நிர்வாகம் முதலீட்டாளரிடம் கொண்டுபோகும் தாளில் விநாடிகள் இருக்கும். இரண்டு தாள்களும் ஒரே மேசைமேல் வைக்கப்படுவதில்லை. வாகனத் தொழிலின் சங்கங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்க்கலாம்: பதிவானவை எத்தனை, இரத்தானவை எத்தனை, ஒப்படைத்தவை எத்தனை, முகவரிடம் நிற்பவை எத்தனை என்ற மாதக் கணக்கைப் பேச்சுவார்த்தைக்கு முன் சங்கத்திடம் தர வேண்டும். விளம்பரத்துக்கும் உரிமத்துக்கும் செலவிட்ட தொகையும், அதே காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கொடுத்த மொத்தக் கூலியும் அந்தக் கணக்கில் அடுத்தடுத்த வரிகளில் இருக்க வேண்டும். ஆலைவாயில் கூட்டங்களில் பேசும் தோழர்கள் 79 ஆயிரம் கோடியையும் 1,76,218 பதிவுகளையும் ஒரே மூச்சில் சொல்லிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே வாரத்தவை என்பதையும் சேர்த்து.